கிவ்மோருக்கு எத்தனை குலம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை முகோபா சமுதாயக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது கேட்டால் யாருமே போகவில்லை என்கிறார்கள்.

மேடையில் ராஜ ஊற்று கம்பெனியின் டைமண்ட் டைரக்டர் கிவ்மோர். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற கொத்தனார் ஃபுங்காய் மொயோ. ஃபுங்காய் என்றால் எங்கள் மொழியில் ‘யோசியுங்கள்’ என்று பொருள். தகப்பனார் பெயர் வைத்தார், அந்தக் காரியம் அதோடு முடிந்தது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா எஸ்னாத். நடு வரிசையில் முழங்கால் வலியோடு சிட்சியின் அம்மா. சந்தையில் தக்காளி விற்பவர். கதவோரம் இடுப்பு வலியோடு வேன் ஓட்டும் ஷாட்ரெக். இவர்களைத் தவிர இருநூறு பேர். அவர்கள் பெயர் இங்கே தேவையில்லை. கிவ்மோரின் நோட்டில் இருக்கிறது, அவரவர் வியாதியோடு சேர்த்து.

இத்தனை பேரும் கூடியது ஒரு குவளைக்காக. சாம்பல் நிறக் கல் குவளை. குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றி ஏழு நிமிடம் வைத்தால் தண்ணீர் விழித்துக்கொள்ளுமாம். விழித்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், இடுப்பு, தள்ளிப்போகும் கல்யாணம், இழுத்துக்கொண்டிருக்கும் நில வழக்கு எல்லாம் தீருமாம். முகோபாவில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. அந்தக் கோளாறை மட்டும் குவளை தீர்ப்பதாக யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தண்ணீர் முன்னோர்களின் ரத்தத்தை எழுப்புவதால், சொந்தக் குலத்தான் கையால் வாங்கிய குவளைக்கு ஏழு மடங்கு வேகமாம். அதனால்தான் ஆளுக்கு நூறு பெயர் எழுதச் சொன்னான் கிவ்மோர்.

“முதல்ல சொந்தக்காரங்க பேரு,” என்றான் மேடையில் உலாத்திக்கொண்டே. “உங்ககிட்ட ‘மாட்டேன்’னு சொல்ல வாய் வராதவங்க பேரு. போன்ல என்ன விஷயம்னு சொல்லாதீங்க. ‘ஒரு நல்ல சேதி, நேர்ல வாங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. என்ன சேதின்னு கேட்டா?”

“நேர்ல வாங்க,” என்றது கூட்டம் ஒரே குரலில்.

“அப்பவும் கேட்டா?”

“நேர்ல வாங்க.”

இருநூறு பேரும் அப்படி வந்தவர்கள்தான். வந்த பிறகாவது என்ன சேதி என்று கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை.

அடுத்து ஃபுங்காய் சாட்சி சொல்ல ஏறினார்.

“ஒன்பது நாளா ஒரு மாத்திரை தொடல. சர்க்கரை மாத்திரைய டப்பாவோட குப்பையில போட்டுட்டேன். காலையில ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. இருபது வயசுல இருந்த மாதிரி இருக்கேன்.”

கூடம் அதிரக் கைதட்டினார்கள். எஸ்னாத் தட்டவில்லை. இருபது வயதில் தம்பி ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடியதாக அவருக்கு நினைவில்லை. இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. இடது கால் பெருவிரலில் துணிக்கட்டு. செருப்பு கடித்ததாம், பத்து நாளாகக் கடித்த இடம் ஆறவில்லையாம். அவர்களுடைய தகப்பனாருக்கும் இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. குப்பைக்குப் போன அந்த மாத்திரை டப்பா இப்போது எஸ்னாத்தின் கைப்பைக்குள் இருந்தது. அதைத் தம்பி வாயில் போடவைப்பதற்காக மட்டுமே அவர் அங்கே வந்திருந்தார்.

எஸ்னாத் யாரென்று சொல்ல வேண்டும். குவேரு நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழிகளில் பொய்யைக் கேட்டு, மூன்றிலும் முகம் மாறாமல் திருப்பிச் சொன்னவர். குடும்பத்துக்கு மூத்த அத்தை. பெண் கொடுப்பது, பிணம் எடுப்பது, பங்காளிச் சண்டை எதுவும் அவர் சொல் இல்லாமல் முடியாது. அவர் தலையசைத்தால் எண்பது வீடு தலையசைக்கும். இது கிவ்மோருக்குத் தெரியும். இந்த ஒரு தலைக்காகத்தான் ஃபுங்காயையே பிடித்திருந்தான்.

“அத்தை, மேடைக்கு வாங்க,” என்றான் எங்கள் வழக்கப்படி குனிந்து கைதட்டி வணங்கி. “உங்க தம்பி உடம்புல குவளை என்ன செய்யுதுன்னு நீங்களே பாருங்க.”

அத்தை. அப்பாவின் அக்காளைக் கூப்பிடும் சொல். இவனுக்கு யார் கொடுத்த உரிமை என்று எஸ்னாத்துக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்த முதுகோடு ஏறினார்.

ஃபுங்காய் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார். கிவ்மோர் அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினான். கை பொத்தென்று இறங்கியது. அடுத்து, மறு கையில் குவளையைக் கொடுத்துவிட்டு அழுத்தினான். நீட்டிய கை இரும்புக் கம்பி போல நின்றது. கூட்டம் ஆ என்றது. இரண்டாம் தடவை அவன் விரல்கள் மணிக்கட்டை விட்டு முழங்கை வரைக்கும் நகர்ந்திருந்ததை எஸ்னாத் பார்த்தார். மற்றவர்கள் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தானே குவளை.

“நல்லா இருக்கு தம்பி,” என்றார் எஸ்னாத் ஒலிபெருக்கியை வாங்கி. “ஒரு சின்ன மாத்தம் பண்ணலாமா? குவளைய நான் ஒரு துணிப்பையில போட்டு இவன்கிட்ட குடுக்கறேன். சில தடவை குவளை இருக்கும், சில தடவை கதவுக்கு முட்டுக்குடுத்திருக்கிற அந்த அரைச் செங்கல் இருக்கும். என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இருக்கா இல்லையான்னு நீங்க கையை அழுத்திப் பாத்துச் சொல்லுங்க. உங்க குவளைக்குத்தான் பெருமை.”

இருநூறு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அவன் பாடம் அவனுக்கே நடந்தது.

முதல் தடவை ஃபுங்காயின் கை இறங்கியது. “செங்கல்,” என்றான் கிவ்மோர். எஸ்னாத் பையிலிருந்து குவளையை எடுத்துக் காட்டினார். இரண்டாம் தடவை கை அசையாமல் நின்றது. “இதோ, குவளையோட சக்தி,” என்றான். எஸ்னாத் செங்கல்லை எடுத்துக் காட்டினார். மூன்றாம் தடவையும் செங்கல்லே வென்றது. இப்படியே ஆறு தடவை. நாலு தடவை தப்பு. செங்கல்லுக்குத் தனியாக ஒரு கம்பெனி தொடங்கும் அளவுக்கு அன்று செங்கல் நன்றாக வேலை செய்தது.

எஸ்னாத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பியின் நம்பிக்கை விழுந்தது என்று நினைத்தார்.

“பாத்தீங்களா?” என்றான் கிவ்மோர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “சந்தேகப்படற கை பட்டா தண்ணி தூங்கிடும்னு போன வாரமே சொன்னேன்ல? இன்னிக்குக் கண்ணால பாத்தாச்சு.”

“அதோட செங்கல்லும் குவளையும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு,” என்றார் நடு வரிசையில் ஒரு பெரியவர், அறிவாளியின் குரலில். “குவளையோட சக்தி கொஞ்சம் செங்கல்லுல இறங்கியிருக்கும்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்று மட்டும் முப்பத்திரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இரண்டு பேர் செங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கீழே இறங்கிய எஸ்னாத்தின் கையைச் சிட்சியின் அம்மா பிடித்து ஓரமாக இழுத்தார்.

“ஏன் அத்தை அவரைச் சோதிக்கிறீங்க? வெளிய சொல்லிடாதீங்க, சொன்னா தண்ணி தூங்கிடுமாம். அவர் எங்க ரத்தம். மீன் குலம். அப்பா வழி. எங்க தாத்தாவும் அவங்க தாத்தாவும் ஒரே ஆத்தங்கரை.”

எஸ்னாத் அதை மனதில் குறித்துக்கொண்டார். ஏனென்றால் கிவ்மோர் மொயோ குலம், அதாவது இருதயக் குலம், நம் பங்காளி என்று முந்தின வாரமே ஃபுங்காய் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் யார் எந்தக் குலமோ அந்தக் குலத்தின் பெயர் தாங்கிய இறைச்சியை அவர்கள் தொடமாட்டார்கள். மொயோக்கள் இருதயம் சாப்பிட மாட்டார்கள், மீன் குலத்தார் மீன் சாப்பிட மாட்டார்கள். ஒருவனுக்கு ஒரு குலம்தான் இருக்க முடியும், ஒரு தகப்பன் இருப்பது போல.

வீட்டில் கொண்டுவிட வந்த ஷாட்ரெக் வேனில் ஏறியதும் ஆரம்பித்தான்.

“அத்தை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். டைரக்டரை இப்படிப் படுத்தாதீங்க. அவரு எங்க ஆளு. கால் குலம். மாட்டுக்கால் தொடமாட்டோம்.”

“அப்பா வழியா, அம்மா வழியா?”

“அப்பா வழிதான். பின்னே?”

மாலையில் ஃபுங்காய் கூடத்து நாற்காலிகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு ஒரு தாளோடு வந்து அக்கா எதிரில் உட்கார்ந்தார். நூறு பெயர் எழுதும் தாள். நாலு கட்டம்: பெயர், வியாதி, குலம், யார் சொன்னால் கேட்பார்.

“குலம் எதுக்குடா?”

“மரியாதைக்கு அக்கா. வீட்டுக்குப் போறப்போ குலப்பேர் சொல்லி வணங்கணும்ல. இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கறா? அவரு பாக்கறாரு.”

“அவன் சிட்சி அம்மாகிட்ட மீன் குலம்னு சொல்லியிருக்கான். ஷாட்ரெக்கிட்ட கால் குலம்னு சொல்லியிருக்கான்.”

“பொறாமைக்காரங்க எதையாவது சொல்வாங்க.”

“சொன்னது அவங்களேதான்டா.”

“நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க. வயசாச்சில்ல.”

முப்பத்தோரு வருடத்தில் ஒரு நீதிபதிகூட எஸ்னாத் தப்பாகக் கேட்டதாகச் சொன்னதில்லை. அவர் மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஃபுங்காய் அதை விரலால் அக்கா பக்கமே தள்ளினார்.

“வெள்ளிக்கிழமை எனக்கு சில்வர் பட்டம் குடுக்கறாங்க அக்கா. மாத்திரை தின்னுட்டு எப்படி மேடையில நிக்கறது? நீங்களும் சேந்து கையெழுத்துப் போட்டா எனக்கு கோல்டு.”

எஸ்னாத்துக்கு வந்த கோபத்தை அவர் விழுங்கிக்கொண்டார். தகப்பனார் கொடுத்த குலத்தை ஒருவன் வேன் டிக்கெட்டு மாதிரி கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறான். அந்த டிக்கெட்டில் தம்பி தகப்பனார் போன வழியே போகிறான்.

“சரி,” என்றார். “நாளைக்கு மதியம் உன் டைரக்டரை நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. கையெழுத்துப் பத்திப் பேசலாம்.”

“என்ன விஷயம்னு கேட்டா?”

“நேர்ல வாங்கன்னு சொல்லு.”

மறுநாள் காலையில் எஸ்னாத் தாமே இறைச்சிக் கடைக்கும் மீன் கடைக்கும் போனார்.

மதியம் கிவ்மோர் வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கழுத்துப்பட்டையுமாக வந்தான். உள்ளே ஷாட்ரெக்கும் சிட்சியின் அம்மாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கால் ஒரு நொடி வாசலிலேயே நின்றது.

“நாலு பேர் பாக்கக் கையெழுத்துப் போட்டாத்தானே மரியாதை,” என்றார் எஸ்னாத். “உக்காருங்க தம்பி.”

அவன் உட்கார்ந்தான். எண்பது வீட்டின் தலையசைப்பு மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது யார்தான் எழுந்து போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் எஸ்னாத் தண்ணீர் ஊற்றினார். பிறகு விருந்தாளிக்கு முதல் தட்டை எடுத்துவந்தார். நடுவில் மலைபோல மக்காச்சோளக் களி. ஒரு பக்கம் மாட்டு இருதயம் துண்டு போட்டு வதக்கியது. ஒரு பக்கம் பொரித்த மீன், தலையோடு. இன்னொரு பக்கம் குழம்பில் மாட்டுக்கால். மற்றவர்கள் தட்டில் களி மட்டும். மூத்த அத்தை கையால் வைத்த தட்டை விருந்தாளி தள்ளக்கூடாது. அது அடிக்கு அடுத்தபடியான அவமானம்.

கிவ்மோர் தட்டைப் பார்த்தான். தட்டும் அவனைப் பார்த்தது. மீனுக்குக் கண் இருந்தது.

“அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?” ஃபுங்காய் பதறினார். “அவருக்குப் போய் இருதயம் வைக்கிறீங்க?”

“ஏன், சாப்பிட மாட்டாரா?”

“நம்ம குலம்னு சொன்னேன்ல? குல இறைச்சி தின்னா பல்லு கொட்டிடும். மன்னிச்சுக்குங்க டைரக்டர், அக்காவுக்கு மறதி.” ஃபுங்காய் தானே கரண்டியால் இருதயத்தை அள்ளி ஷாட்ரெக்கின் தட்டில் போட்டார்.

சிட்சியின் அம்மா தொண்டையைச் செருமினார். “அப்படியே அந்த மீனையும் எடுத்துருங்க.”

“மீனை எதுக்கு?” என்றார் ஃபுங்காய்.

“எதுக்கா? எங்க குலத்து ஆளு முன்னாடி மீனை வெச்சா நாங்க பாத்துட்டு இருக்கணுமா?” என்று வாலைப் பிடித்துத் தூக்கி ஃபுங்காயின் தட்டில் போட்டார் அந்த அம்மாள்.

ஷாட்ரெக் வாயில் இருதயத்தோடு மென்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். “அப்போ காலையும் எடுத்துடலாம். எங்கிட்ட குடுங்க... இல்ல, எங்கிட்ட வேணாம், நானும் தொடக்கூடாது. சிட்சி அம்மா, நீங்க வாங்கிக்குங்க. டைரக்டரு கால் குலம்ல.”

கால் சிட்சி அம்மாவின் தட்டுக்குப் போனது. எல்லார் தட்டும் நிறைந்திருந்தது. கிவ்மோர் தட்டில் களி மட்டும் தனியாக நின்றது.

பக்கத்து வீட்டு வானொலியில் வானிலை சொன்னார்கள்.

“தம்பி, கீரை இருக்கு,” என்றார் எஸ்னாத். “கீரைக் குலத்துல இன்னும் சேரலையே?”

“அத்தை, அது வந்து... அப்பா வழி மொயோ. அம்மா வழி மீன். கால் வந்து எங்க பாட்டி...”

“அப்பா வழின்னுதானே என்கிட்ட சொன்னீங்க?” சிட்சியின் அம்மா எழுந்துவிட்டார். “உங்க தாத்தா ஆத்துல வலை வீசினாருன்னு சொல்லி அழுதீங்களே. நானும் கூட உக்காந்து அழுதேனே.”

“எங்கிட்டயும் அப்பா வழிதான்,” என்றான் ஷாட்ரெக். “மூணு அப்பாவா அண்ணே உங்களுக்கு? எனக்கு ஒண்ணே உருப்படியா அமையல.”

கிவ்மோர் கைபேசியை எடுத்து, அடிக்காத கைபேசியைக் காதில் வைத்து, “ஆமாம், இதோ வரேன்,” என்று எழுந்தான்.

“உக்காரு,” என்றார் எஸ்னாத். குரலை உயர்த்தவில்லை. “இந்த வீட்டுல இருந்து இதுவரைக்கும் யாரும் பட்டினியாப் போனதில்ல. நீ போய் எங்களுக்குக் கெட்ட பேர் வாங்கித் தராதே. கீரை போடறேன், சாப்பிட்டுட்டுப் போ.”

அவன் உட்கார்ந்தான். நாலு பேர் பார்க்க, களியைப் பிட்டுக் கீரையில் தோய்த்துச் சாப்பிட்டான். அவ்வளவு நீளமான சாப்பாட்டை முகோபாவில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

“நிஜமா என்ன குலம்?” என்று கேட்டார் எஸ்னாத் நடுவில்.

“குரங்கு,” என்றான் தட்டைப் பார்த்து.

“பெரிய குலம். கௌரவமான குலம். அதைப் போய் ஒளிச்சு வெப்பாங்களா?”

அவன் இன்னொரு கவளம் களியைப் பிட்டான். எதிர்க்கும் தெம்பு எதுவும் அவனிடம் மிச்சமில்லை என்று தெரிந்ததும் சிட்சியின் அம்மா மெதுவாகக் கேட்டார்: “அப்போ என் முழங்காலு?”

“வெந்நீர் ஒத்தடம் குடுங்கம்மா,” என்றான் கிவ்மோர். நாலு மாதத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான வைத்தியம் அது.

எல்லாரும் போன பிறகும் ஃபுங்காய் மீன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எஸ்னாத் டப்பாவை மறுபடி அவர் முன் வைத்தார். இந்தத் தடவையும் விரலால் தள்ளப்படுமோ என்று பார்த்தார். தள்ளப்படவில்லை.

“ஆறு தடவை பையைத் திறந்து காட்டினேன். நம்பல,” என்றார். “ஒரு துண்டு இருதயத்துக்கு நம்பிட்ட.”

“அது வேற அக்கா. குலம்.”

“பல்லு கொட்டிடும்னு பயமா? நான் அறுபத்தெட்டு வருஷமா இருதயத்தை வாயில வெச்சதில்ல. என் பல்லு எங்க?” எஸ்னாத் கீழ்ப் பல் வரிசையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வாய் குழிந்துபோய்ச் சொற்கள் காற்றாக வந்தன. “நம்ம அப்பா தொடல, அதனால நானும் தொடல. அவருக்கு மரியாதை, அவ்வளவுதான். பல்லு போறது பல்லு விஷயம். சர்க்கரை சர்க்கரை விஷயம். அப்பாவுக்கு முதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் காலை எடுத்தாங்க. உனக்கும் எடுத்துட்டா ஷாட்ரெக் குலத்துல சேத்துக்குவாங்களா?”

ஃபுங்காய் முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார், தகர டம்ளரில் இருந்த தூங்குகிற தண்ணீரோடு. மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். விரலைக் கட்டிய நர்ஸ் ஃபுங்காயை அரைமணி நேரம் திட்டினார். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் திட்டுவதற்கு விரல் இருந்திருக்காது என்றும் சொன்னார்.

புதன்கிழமைக்குள் வேன் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்ததில் கிவ்மோருக்குப் பதினோரு குலம். வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடம் பூட்டியிருந்தது. சில்வர் பட்டம் யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த மாதத்துக்கு, நோய் தீர்க்கும் காந்தப் பட்டையோடு வேறொருவன் வந்து கூடத்துக்கு வாடகை பேசிக்கொண்டிருக்கிறான். நடு வரிசைப் பெரியவர் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டதாகக் கேள்வி.

இப்போது முகோபாவில் ஒரு பேச்சு உலாவுகிறது. எஸ்னாத் அத்தை கோக்வே காட்டிலிருந்து உண்மை பேசவைக்கும் ஒரு வேரை வாங்கிவந்து அன்றைக்குச் சட்டியில் போட்டார், அதனால்தான் கிவ்மோர் குட்டு உடைந்தது என்று. அந்த வேர் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டுச் சிலர் அத்தை வீட்டு வாசலுக்கே வருகிறார்கள்.

வேர் கிடையாது. சட்டியில் இருந்தது தக்காளி, வெங்காயம், உப்பு. மூன்று பேர் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழும்படி உட்கார்ந்து பேசினார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. அதை விலை கொடுக்காமல் எவரும் அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதனால்தான் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.